வெளியிலிருந்து வீட்டுக் கணினி திறக்கவில்லையா? ரிமோட் டெஸ்க்டாப் பிழைகளை அறிகுறி வழியே நீக்கும் முறை

வீட்டில் உள்ள விண்டோஸ் கணினியை வேறோர் இடத்திலிருந்து மடிக்கணினி வழியாகத் திறந்து வேலை பார்க்க, விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியே போதும். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் சென்று ரிமோட் டெஸ்க்டாப் என்பதை இயக்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். அதன் பிறகும் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், தடை கணினியின் உறக்க நிலையிலும் இருக்கலாம், உள்வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலிலும் இருக்கலாம், ரூட்டரிலோ இணைய நிறுவனத்தின் பக்கமோ பயனர் கணக்கிலோ இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கும் விண்டோஸ் ஒரே செய்தியைத்தான் காட்டுகிறது: தொலைவிலுள்ள கணினியில் அனுமதி இயக்கப்படவில்லை, அல்லது அது அணைந்திருக்கிறது, அல்லது வலைப்பின்னலில் இல்லை. மூன்று காரணங்களை அடுக்கிவிட்டு எது என்று சொல்லாத செய்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது.

ஆகவே செய்தியை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது: கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்ததா? விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் செயலி, எதிர்ப்பக்கக் கணினியை எட்டிய பிறகே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. பெட்டி வராமலேயே பிழை வந்தால் சிக்கல் பாதையில் இருக்கிறது. பெட்டி வந்து, உள்ளிட்ட விவரம் மறுக்கப்பட்டால் சிக்கல் கணக்கில் இருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகு திரை கறுத்தாலோ உறைந்தாலோ அது அமர்வு, அதாவது இணைந்த பிறகு ஓடும் தொடர்பு, சார்ந்தது. கடவுச்சொல்லை முன்பே சேமித்து வைத்திருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. கைபேசிச் செயலிகளிலும் விவரங்களை முன்கூட்டியே கொடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. எனவே சோதிக்கும்போது சேமித்த கடவுச்சொல்லை நீக்கிவிட்டு, விண்டோஸ் மடிக்கணினியிலிருந்தே முயல வேண்டும். மேலும், முதல் சோதனையை எப்போதும் வீட்டுக்குள், இரண்டு கணினிகளும் ஒரே ரூட்டரில் இருக்கும்போதே செய்ய வேண்டும். வீட்டுக்குள் இணையாத கணினி வெளியிலிருந்து இணையப் போவதில்லை.

இயக்கும் பொத்தானே இல்லை

செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் விண்டோஸ் பதிப்பு இதை ஆதரிக்கவில்லை என்ற வரி மட்டும் தெரிகிறது என்றால், கணினியில் இருப்பது ஹோம் பதிப்பு. வீட்டுக்கென்று விற்கப்படும் பெரும்பாலான மடிக்கணினிகளில் ஹோம் பதிப்புதான் இருக்கும். ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளுக்கு இணைய முடியும். பிறர் தன்னிடம் இணைவதை அது ஏற்காது. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் மட்டுமே ஏற்கும். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் பதிப்பின் பெயர் இருக்கிறது.

இங்கே நேர்மையான வழிகள் இரண்டுதான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் பணம் கட்டிப் புரோ பதிப்புக்கு மாறலாம். இதற்கு விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை, கோப்புகள் அப்படியே இருக்கும். அல்லது ரிமோட் டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு, ஹோம் பதிப்பிலும் இயங்கும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க் போன்ற வேறொரு கருவியைப் பயன்படுத்தலாம். எப்போதாவது ஒரு கோப்பை எடுக்கவோ, அப்பாவின் கணினியில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கவோ இரண்டாவது வழி தாராளமாகப் போதும். ஹோம் பதிப்பின் தடையை ஏமாற்றித் தாண்ட வைப்பதாகச் சொல்லும் இலவச உறைநிரல்கள் உலவுகின்றன. அவை உரிம விதிக்குப் புறம்பானவை, ஒவ்வொரு விண்டோஸ் புதுப்பிப்பிலும் உடைகின்றன, சிஸ்டம் சேவை ஒன்றில் கைவைக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டுக்குள்ளேயே இணையவில்லை, கடவுச்சொல் பெட்டி வரவில்லை

முதலில் கணினியின் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் ஐபிவி4 என்ற வரியில் 192.168.1.34 போன்ற எண் வரும். எண்ணைக் கொடுத்தால் இணைகிறது, பெயரைக் கொடுத்தால் இணையவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலை மட்டுமே பழுது. ரூட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டு எண்ணையே பயன்படுத்தலாம்.

எண்ணும் வேலை செய்யவில்லை என்றால், பலர் உடனே பிங் (எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து பார்த்து, பதில் வராததால் கணினியே வலைப்பின்னலில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை இயல்பாகவே தடுக்கக்கூடும் என்பதால் அந்த முடிவு தவறாகப் போகும். பார்க்க வேண்டியது ரிமோட் டெஸ்க்டாப் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலான போர்ட் 3389 திறந்திருக்கிறதா என்பதைத்தான். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் உள்ள டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் (Test-NetConnection) கட்டளைக்கு முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் வரும். இந்தச் சோதனையை இரண்டு இடங்களில் செய்ய வேண்டும். முதலில் வீட்டுக் கணினியிலேயே உட்கார்ந்து அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரிக்குச் செய்யுங்கள். அங்கே ஃபால்ஸ் வந்தால் வசதி இயங்கவே இல்லை. பொத்தானை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அங்கே ட்ரூ வந்து, மடிக்கணினியிலிருந்து ஃபால்ஸ் வந்தால், கணினி தயாராகத்தான் இருக்கிறது. இடையில் யாரோ மறிக்கிறார்கள்.

மறிப்பது பெரும்பாலும் ஃபயர்வால்தான். வீட்டு வைஃபையைக் கணினி பப்ளிக் என்று வகைப்படுத்தியிருந்தால், உள்வரும் இணைப்புகளை அது சந்தேகத்துடனேயே நடத்தும். புதிய ரூட்டர் வாங்கிய பிறகு இது அடிக்கடி நேர்கிறது, ஏனெனில் கணினிக்கு அது புதிய வலைப்பின்னல். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் அந்த வைஃபையைப் பிரைவேட் என்று மாற்ற வேண்டும். தனியாக நிறுவிய ஆன்டிவைரஸ் தொகுப்பில் அதற்கென்றே ஒரு ஃபயர்வால் இருந்தால், விண்டோஸ் பக்கத்தில் எதை மாற்றினாலும் பயன் இருக்காது. அந்தத் தொகுப்புக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாது. மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இருந்தால், ரூட்டர் அதற்கு இணையத்தைக் கொடுக்கும், ஆனால் வீட்டிலுள்ள பிற சாதனங்களோடு பேச விடாது. ஐசொலேஷன் என்ற பெயரில் சில ரூட்டர்களில் முதன்மை வைஃபைக்கும் இதே தடை உண்டு. கேபிள் செருகினால் இணைகிறது, வைஃபையில் இணையவில்லை என்பதே இதன் அடையாளம்.

நேற்று இணைந்தது, இன்று இணையவில்லை

எந்த அமைப்பையும் மாற்றாமல் இது நேர்ந்தால், முதல் சந்தேகம் உறக்கம். உறங்கும் கணினி ரிமோட் டெஸ்க்டாப் அழைப்புக்கு எழுந்திருக்காது. பவர் அமைப்பில், மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது உறங்க வேண்டாம் என்று வைத்துவிட்டு, திரை மட்டும் அணையட்டும் என்று விடலாம். மடிக்கணினியையே வீட்டுக் கணினியாக வைத்திருப்பவர்கள், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்ற தேர்வையும் போட வேண்டும். மின்கட்டணம் கருதி உறங்கவே விட விரும்புவோர், உறங்கும் கணினியை வலைப்பின்னல் வழியே எழுப்பும் வேக் ஆன் லேன் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குப் பயாஸிலும் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை அமைப்பு) நெட்வொர்க் கார்டு அமைப்பிலும் அனுமதி வேண்டும், கேபிள் இணைப்பு இருப்பது மேல், வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு சாதனம் அந்த எழுப்பும் செய்தியை அனுப்பவும் வேண்டும். எப்போதாவது பயன்படுத்துபவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது சந்தேகம் மின்தடை. நம் ஊர்களில் மின்சாரம் போய் வந்த பிறகு மேசைக் கணினி அணைந்தே கிடக்கும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பொத்தானை அழுத்த யாரும் இல்லை. பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி ஓர் அமைப்பு இருக்கும். வெளியூர் கிளம்புவதற்கு முன் அதைப் போட்டு, பிளக்கைப் பிடுங்கிச் செருகி ஒருமுறை சோதித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மூன்றாவது, ரூட்டர் மறுதொடக்கமாகிக் கணினிக்கு வேறு எண் கொடுத்திருக்கலாம். முன்பு சொன்ன நிலையான எண் ஒதுக்கீடு இதற்கும் மருந்து.

கடவுச்சொல் பெட்டி வருகிறது, சரியான கடவுச்சொல்லை ஏற்கவில்லை

இந்த அறிகுறி பலரைக் குழப்புவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து அன்றாடம் அவர்கள் அடிப்பது கடவுச்சொல் அன்று. நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண். பின் எண், கைரேகை, முகம் ஆகிய மூன்றும் விண்டோஸ் ஹலோ என்ற அமைப்பின் பகுதிகள். அவை அந்தக் கணினியோடு கட்டப்பட்டவை. வெளியிலிருந்து இந்த முறையில் வருபவரிடம் ரிமோட் டெஸ்க்டாப் எதிர்பார்ப்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்த மின்னஞ்சல் முகவரியை முழுமையாகப் பயனர் பெயராகவும், அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கடவுச்சொல்லாகவும் கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுத்தும் மறுக்கிறது என்றால், அந்தக் கணினி உங்கள் கடவுச்சொல்லை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது காரணமாக இருக்கலாம். கணினியை வாங்கிய நாளிலிருந்து பின் எண்ணாலேயே நுழைந்து வந்தால் இப்படி ஆகும். இணையத்தில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, வீட்டுக் கணினியில் அதன் பிறகும் பின் எண்ணால் மட்டுமே நுழைந்து கொண்டிருந்தாலும் இதே நிலைதான்: கணினியின் நினைவில் இருப்பது பழைய கடவுச்சொல். தீர்வு, வீட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டியது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் சைன்-இன் தேர்வுகளைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோவை மட்டும் அனுமதி என்ற பொத்தானை அணைத்துவிட்டுத் திரையைப் பூட்டுங்கள். நுழைவுத் திரையில் சைன்-இன் தேர்வுகளைத் திறந்தால் சாவிப் படம் தெரியும். அதை அழுத்தி, இணையம் இணைந்திருக்கும் நிலையில், முழுக் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒருமுறை உள்ளே நுழையுங்கள். அதன் பிறகு வெளியிலிருந்தும் அதே கடவுச்சொல் செல்லும். கடவுச்சொல்லையே நீக்கிவிட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்கள், இந்த வேலைக்கென்று ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அதற்கு நீண்ட கடவுச்சொல் ஒன்றை வைத்துக்கொள்வது எளிது.

கடவுச்சொல்லே இல்லாத கணக்கு வேறு கதை. வீட்டில் யாரும் இல்லையே என்று கடவுச்சொல்லைக் காலியாக விட்டிருந்தால், அந்தக் கணக்கால் கணினியின் முன்னால் உட்கார்ந்து மட்டுமே நுழைய முடியும். விண்டோஸ் இயல்பாகவே இப்படிக் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வழியைத் தேடாமல், கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடுங்கள்.

இந்தப் பயனருக்குத் தொலைவிலிருந்து நுழைய அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால் கடவுச்சொல் சரிதான். கணக்கு நிர்வாகிக் குழுவில் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தில் பயனர்களைச் சேர்க்கும் இடம் இருக்கிறது, அங்கே அந்தப் பெயரைச் சேர்த்தால் போதும். பழைய மடிக்கணினியிலிருந்து இணையும்போது என்க்ரிப்ஷன் ஆரக்கிள் என்ற சொற்களோடு ஒரு பிழை வந்தால், அது 2018ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் சரிசெய்த ஒரு பாதுகாப்புக் குறை தொடர்பானது: இரண்டு கணினிகளில் ஒன்று அந்தத் திருத்தத்தைப் பெறவில்லை. இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். அமர்வு தொடங்கும் முன்பே பயனரைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை இணையத்தில் நிறையக் கிடைக்கும். அது பூட்டுப் பழுதாகிவிட்டது என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது.

கணினியின் அடையாளச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று கடவுச்சொல்லுக்குப் பிறகு வரும் எச்சரிக்கை பிழை அன்று. வீட்டுக் கணினி தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. ஆகவே இனிக் கேட்காதே என்று குறித்து வைத்திருந்தாலும் அந்தக் கேள்வி திரும்ப வரும்.

வீட்டுக்குள் இணைகிறது, வெளியிலிருந்து இணையவில்லை

192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் அப்படித்தான். அந்த எண்ணை அலுவலகத்திலிருந்து தட்டினால், அலுவலக வலைப்பின்னலுக்குள் அதே எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு இணைப்பு கைவிரிக்கும்.

ரூட்டரில் போர்ட் 3389ஐத் திறந்து வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள் என்பதே பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்வது. அதைச் செய்தும் வேலை செய்யவில்லை என்று திகைப்பவர்கள், ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்க முகவரி, என்ன என்று பார்த்து, என் ஐபி என்ன என்று காட்டும் தளங்கள் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டு, ரூட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணாகவோ 10 என்று தொடங்குவதாகவோ இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இந்த முறைக்குக் கேரியர் கிரேடு நாட் என்று பெயர், 100.64 தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயன் இல்லை, ஏனெனில் வெளிவாசல் உங்களிடமே இல்லை.

பொது முகவரி கிடைத்தாலும் அந்த வழியில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இணையத்தில் திறந்திருக்கும் 3389ஐத் தேடும் தானியங்கி நிரல்கள் ஓய்வதே இல்லை. 2019 மே மாதம் புளூகீப் என்ற குறை வெளிப்பட்டபோது, கடவுச்சொல்லே தெரியாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் இந்த வாசல் வழியே நுழைய முடியும் என்ற நிலை இருந்தது. ஆதரவு முடிந்து ஐந்தாண்டு கடந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

சரியான வழி, இரண்டு கணினிகளையும் ஒரு தனிப்பட்ட விபிஎன்னில், அதாவது இணையத்தின் வழியே ஓடும் ஒரு தனி வலைப்பின்னலில், சேர்ப்பது. டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற கருவிகள் பகிரப்பட்ட முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீடுகளிலும் வேலை செய்கின்றன, ரூட்டரைத் தொட வேண்டியதில்லை. டெயில்ஸ்கேலை இரண்டு கணினிகளிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், வீட்டுக் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். அதை ரிமோட் டெஸ்க்டாப் செயலியில் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 100.64 தொகுதியிலிருந்துதான் டெயில்ஸ்கேலும் எண் எடுக்கிறது என்பதால், ரூட்டரில் தெரியும் எண்ணையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விபிஎன் போட்ட பிறகும் எஞ்சும் ஒரு பொல்லாத அறிகுறி உண்டு: வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் இணைகிறது, சில நாள் கழித்து இணையவில்லை. இடையில் விண்டோஸ் புதுப்பிப்பு கணினியை மறுதொடக்கம் செய்து, அது நுழைவுத் திரையில் நிற்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு யாரும் உள்ளே நுழைந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸில் டெயில்ஸ்கேல் இயல்பாகப் பயனர் நுழைந்திருக்கும்போதுதான் இணைந்திருக்கும். அதன் விருப்பத்தேர்வுகளில் அன்அட்டெண்டட் என்ற தேர்வைப் போட்டுவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, நுழையாமல் அப்படியே விட்டு, கைபேசி இணையம் வழியாக மடிக்கணினியிலிருந்து இணைத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வெளியூர் போகக் கூடாது.

உள்ளே நுழைந்ததும் கறுப்புத் திரை, அல்லது இடையில் உறைதல்

கறுப்புத் திரை வந்தால் கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெலீட் விசைக்குப் பதிலாக எண்ட் என்பதே தொலைக் கணினிக்குச் செல்லும் சேர்க்கை. அங்கிருந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை மீண்டும் தொடங்கினால் திரை வந்துவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனால் திரை அட்டையின் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் பலிக்காதபோது, வீட்டுக் கணினியின் குரூப் பாலிசியில் (விண்டோஸின் நுணுக்கமான விதிகளை மாற்றும் இடம்) ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளுக்கு டபிள்யூடிடிஎம் (WDDM) என்ற புதிய வகைத் திரை டிரைவரைப் பயன்படுத்து என்ற விதியை அணைத்து மறுதொடக்கம் செய்தால் பழைய வகை டிரைவருக்குத் திரும்பும்.

திரை உறைந்து, சற்றுப் பொறுத்து மீண்டும் இணைகிறது என்றால், தரவு போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாமல் வேகமாக அனுப்பும் யுடிபி முறையைச் சந்தேகிக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப், உறுதிசெய்து அனுப்பும் டிசிபியோடு யுடிபியையும் பயன்படுத்துகிறது. சில விபிஎன்களிலும் கைபேசி இணைப்புகளிலும் யுடிபி பொட்டலங்கள் தொலைந்துபோகும். மடிக்கணினி புரோ பதிப்பானால் அதன் குரூப் பாலிசியில் யுடிபியை அணைக்கும் விதி இருக்கிறது. வேகம் சற்றுக் குறையும், உறைதல் நின்றுவிடக்கூடும்.

நகலெடுத்தது ஒட்டவில்லை, தமிழ் தட்டச்சு குழம்புகிறது

நகலெடுத்து ஒட்டுவது திடீரென நின்றால், தொலைக் கணினியின் டாஸ்க் மேனேஜரில் ஆர்டிபிகிளிப் (rdpclip) என்ற நிரலை முடித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் சரியாகிவிடும். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைந்தாலும் பெரும்பாலும் போதும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தமிழ்99 போன்ற விசைப்பலகையைத் தொலைக் கணினியில் மட்டும் இயக்கி, மடிக்கணினியில் ஆங்கிலத்திலேயே விடுவது நல்லது. இரண்டு பக்கமும் மாற்றம் நடந்தால் எழுத்துகள் சிதையும்.

யாரும் முயலாதபோதே கணக்கு பூட்டிக்கொள்கிறது

புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல், 22எச்2 பதிப்பிலிருந்து, தவறான கடவுச்சொல் பத்து முறை வந்தால் கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும். நீங்கள் ஒருமுறைகூடத் தவறாக அடிக்காத நிலையில் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தால், வேறு யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவண்ட் வியூவரில் செக்யூரிட்டிப் பதிவைத் திறந்து, தோல்வியுற்ற நுழைவுகளைக் குறிக்கும் 4625 என்ற எண்ணால் வடிகட்டுங்கள். அட்மின், டெஸ்ட், யூசர் என்று உங்கள் வீட்டில் இல்லாத பெயர்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை வரிசையாகத் தெரிந்தால், போர்ட் 3389 இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது. போர்ட் எண்ணை 3390 என்றோ 50000 என்றோ மாற்றி வைப்பதால் தட்டுவோர் சற்றுத் தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான்.

ரூட்டரில் போர்ட் 3389ஐக் கணினிக்குத் திருப்பும் அமைப்பை நீக்குங்கள். வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கணினிக்கு அனுப்பும் டிஎம்இஸட் என்ற இடத்தில் கணினியின் எண் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நிரல்கள் தாமாகவே திறந்துகொண்ட போர்ட்களைக் காட்டும் யுபிஎன்பி பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பிறகு அதே செக்யூரிட்டிப் பதிவை 4624 என்ற எண்ணால் வடிகட்டி, லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப் வழி நுழைவு) என்று குறிக்கப்பட்ட வெற்றிகரமான நுழைவுகளின் நேரத்தையும் முகவரியையும் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தாத நேரத்தில், உங்களுக்குத் தெரியாத முகவரியிலிருந்து ஒன்றேனும் இருந்தால், கணினியின் இணைய இணைப்பை உடனே துண்டித்துவிட்டு, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றி, கோப்புகளைத் தனியே எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும்.